பயனர் சிரித்த இடங்கள்

திருமுருகனுக்கு வெட்கம் வந்தால் சிரிப்பு வந்துவிடும். சிலருக்குக் காது சிவக்கும், சிலருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இவருக்குக் கீழுதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு பல் தெரியும். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் பெஞ்சு மேல் ஏற்றியபோது சிரித்தார், "சிரிக்க வேற செய்யிறியா?" என்று அதற்கும் சேர்த்து வாங்கிக்கொண்டார். மாமனார் வீட்டு விருந்தில் பந்தியிலிருந்து எழும்போது வேட்டி அவிழ்ந்ததற்கும் சிரித்தார். ஊரில் இதற்கு அசட்டுச் சிரிப்பு என்று பெயர். யாரும் அதைச் சந்தோஷம் என்று தப்பாக எடுத்துக்கொண்டதில்லை, தஞ்சாவூரில் ஆராய்ச்சி ஆரம்பிக்கும் வரை.

குத்தாலம் பக்கத்தில் விவசாயிகள் சேர்ந்து நடத்தும் கம்பெனி ஒன்றுக்கு நெல் வாங்கும் களம் இருக்கிறது. திருமுருகன் அங்கே எழுத்தர். விவசாயி நெல்லைக் கொண்டுவந்து சிமெண்டுக் களத்தில் குவிப்பார். திருமுருகன் பெயர், ஊர், ரகம், வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். பிறகு குவியலுக்கு நடந்துபோய் நாலு இடத்தில் கைவிட்டு நெல் அள்ளிவந்து, ஈரம் பார்க்கும் மிஷினில் போட்டு, அது சொல்லும் எண்ணையும் ஏற்றினால் டோக்கன் வரும். டோக்கன் வந்தால்தான் கொட்டகைக் கதவு திறக்கும். கதவுப் பூட்டையும் கம்ப்யூட்டரோடு கோத்துவிட்டிருந்தார்கள். அதுவரை நெல் வானத்தை நம்பி வெளியே கிடக்கும்.

இந்த வேலைகளுக்கெல்லாம் 'குதிர்' என்று ஒரு மென்பொருள். தஞ்சாவூர்க் கம்பெனி ஒன்று செய்து, டெல்டாவில் இருக்கிற அரிசி ஆலைகளுக்கும் களங்களுக்கும் விற்றது. குதிரில் எல்லா வசதியும் உண்டு. ஒரு பழக்கம்தான் கெட்ட பழக்கம். கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால், ஏற்றியதையெல்லாம் விழுங்கிவிட்டு, 'உங்கள் பாதுகாப்புக் கருதி வெளியேற்றப்பட்டீர்கள்' என்று சொல்லும். குவியலுக்குப் போய் நெல் அள்ளிவருவதற்குள் அந்தக் கொஞ்ச நேரம் தவறாமல் ஆகிவிடும். மறுபடி பெயர், மறுபடி ஊர், மறுபடி ரகம்.

இதற்குத் திருமுருகன் ஒரு வழி கண்டுபிடித்தார். அவர் குவியலுக்குப் போகும்போது வாட்ச்மேன் அல்லா பிச்சை நாற்காலியில் உட்கார்ந்து மவுஸை ஆட்டிக்கொண்டிருப்பார். அல்லா பிச்சைக்குக் காலையில் கேட்டைத் திறக்கிற வேலை, சாயங்காலம் மூடுகிற வேலை, நடுவில் மவுஸ் ஆட்டுகிற வேலை. அவர் தொழுகைக்குப் போகும் நேரத்தில் நெல் வாங்குவது நின்றுவிடும். யாரும் குறை சொல்வதில்லை.

தஞ்சாவூரிலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள் என்று கடிதம் வந்த அன்று, களம் கூட்டுகிற தையல்நாயகி ஜன்னல் பக்கம் வந்து நின்றாள். அறுபது வயதிருக்கும். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் வயலில் நட்டவள். அடுத்தவர் களத்தில் தூற்றியவள்.

"தம்பி, இந்தக் குறுவைக்கு நானும் குத்தகைக்கு எடுத்து நடுறேன். என் பேர்ல."

"அப்படியாம்மா! ரொம்ப சந்தோஷம்."

"குறுவை அறுக்கறப்ப மழை வந்துடும். நான் நெல்லு கொண்டார்றப்பவாவது இந்தப் பொட்டி வெளிய தள்ளாம இருக்குமா? வர்றவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிவைங்களேன்."

"சொல்லிடறம்மா. அதுக்குத்தானே வர்றாங்க," என்றார் திருமுருகன். அதைச் சொன்னபோது அவருக்கு உண்மையிலேயே நெஞ்சு நிமிர்ந்திருந்தது. அன்று வீட்டில் சாப்பிடும்போதும் குளிக்கும்போதும் ஒரே வாக்கியத்தை ஒத்திகை பார்த்தார்: "சார், இது வெளிய தள்ளாம இருந்தா போதும்."

குதிர்க் கம்பெனியின் பயனர் அனுபவ ஆய்வுப் பிரிவுக்கு மதிவாணன் இயக்குநர். அனுராதா ஆய்வாளர். இருவரும் காரில் வந்து இறங்கினார்கள். கூடவே, முகத்தைப் பார்த்து மனதைச் சொல்லும் கேமரா ஒன்றும் வெல்வெட் பெட்டியில் வந்து இறங்கியது. இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். மதிவாணன் பாதி குடித்துவிட்டு எழுந்து நின்றார்.

"பயப்படாதீங்க திருமுருகன். நாங்க சோதிக்கப்போறது உங்களை இல்ல, மென்பொருளைத்தான்," என்று சொல்லி, கேமராவைத் திருமுருகனின் மூக்குக்கு நேரே பொருத்தினார்.

"அப்ப கேமராவ மென்பொருள் பக்கம் திருப்பி வைக்கலாமுங்களே," என்றார் அல்லா பிச்சை. அவர் பயனர் பட்டியலில் இல்லாததால் அது குறித்துக்கொள்ளப்படவில்லை.

திருமுருகன் தொண்டையைச் செருமினார். "சார், ஒரு விஷயம் சொல்லணும். இது வந்து..."

மதிவாணன் பதறிப்போய்க் கையை உயர்த்தினார். "சொல்லாதீங்க! என்ன வேணும்னு மட்டும் சொல்லிடாதீங்க. பயனர் வாயத் தொறந்து எனக்கு இது வேணும்னு சொன்னா ஆய்வே கெட்டுப்போயிடும். அவருக்கு என்ன வேணும்னு அவருக்கே தெரியாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் நாங்க இருக்கோம். அவரே சொல்லிட்டா அப்புறம் எங்களுக்கு எதுக்குச் சம்பளம்?"

நியாயம்தான் என்று திருமுருகன் வாயை மூடிக்கொண்டார்.

சோதனை ஆரம்பித்தது. பெயர் ஏற்றினார், ஊர் ஏற்றினார். நெல் அள்ளப் போனார். திரும்பி வந்தபோது மதிவாணன், அனுராதா, விவசாயிகள் கம்பெனித் தலைவர், வரிசையில் நின்ற விவசாயிகள் எல்லோரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். குதிர் அவரை வெளியே தள்ளியிருந்தது. வெளியூர்க்காரர்கள் எதிரில், அதுவும் ஒரு பெண்பிள்ளை எதிரில், தன் மேஜையிலிருந்தே தள்ளப்பட்டு நிற்பது அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. கீழுதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது.

கேமராவில் பச்சை விளக்கு எரிந்தது. அனுராதா பக்கத்திலிருந்த திரையைப் பார்த்தாள். 'மகிழ்ச்சி' என்று வந்திருந்தது.

மறுபடி போனார், மறுபடி தள்ளப்பட்டார், மறுபடி பச்சை விளக்கு. அல்லா பிச்சை மவுஸை ஆட்ட வந்தபோது, அதை 'கூடிச் செயல்படும் மண்ணின் மரபு' என்று குறித்துக்கொண்டார்கள். அதைக் குலைத்துவிடக் கூடாது என்று மதிவாணன் கண்டிப்பாகச் சொன்னார்.

அடுத்த கட்ட ஆய்வு தஞ்சாவூரில் நடந்தது. மெடிக்கல் காலேஜ் ரோட்டில் குளிரூட்டிய அறை. ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் இவர் தெரிவார், இவருக்கு அவர்கள் தெரியமாட்டார்கள். வடை வாசனை மட்டும் இரு தரப்புக்கும் பொதுவாக இருந்தது. அங்கே நெல் கிடையாது என்பதால், நெல் அள்ளுவதாக நினைத்துக்கொண்டு அறையின் மூலைக்குப் போய்வரச் சொன்னார்கள். திருமுருகன் வெறுங்கையை மூடிக்கொண்டு மூலைக்கும் மேஜைக்குமாக நடந்தார். ஒவ்வொரு நடைக்கும் குதிர் வெளியே தள்ளியது. ஒவ்வொரு தள்ளலுக்கும் அவர் சிரித்தார். கண்ணாடிக்கு அப்பால் யாரோ கைதட்டுவது கேட்டது. இத்தனை வயதில் காலிக் கையில் நெல் வைத்திருப்பதாகப் பாவனை செய்கிறோமே என்று அவருக்குக் கண்ணில் நீர் கட்டியது. அதற்கு முகம் பார்க்கும் மிஷினில் 'ஆனந்தக் கண்ணீர்' என்று ஒரு தனிக் கட்டமே இருந்தது.

எல்லாம் முடிந்து அவர் செருப்பை மாட்டும்போது அனுராதா வெளியே வந்தாள். சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"சார், தப்பா நினைச்சுக்காதீங்க. அது வெளிய தள்றது உங்களுக்குக் கஷ்டமாத்தானே இருக்கு? மிஷின் என்னமோ சொல்லுது. எனக்கு அப்படித் தோணல. நீங்க சொன்னீங்கன்னா நான் எழுதிடறேன்."

கேட்டேவிட்டாள். வீட்டில் ஒத்திகை பார்த்த வாக்கியம் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் திருமுருகன் டெல்டாக்காரர். ஒருவர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, அவர் வாசலிலேயே நின்றுகொண்டு குழம்பில் உப்பில்லை என்று சொல்கிற வழக்கம் அந்தப் பக்கம் கிடையாது. போகவர பஸ் செலவு கொடுத்திருக்கிறார்கள். சாம்பார் சாதமும் தயிர் சாதமும் போட்டிருக்கிறார்கள். இந்தப் பெண்ணுக்குத் தன் மகள் வயது. தான் எதையாவது சொல்லப்போய் இவள் மேலதிகாரியிடம் பேச்சு வாங்க வேண்டியிருந்தால்?

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. நல்லாத்தான் இருக்கு," என்றார்.

அனுராதா அதை அப்படியே எழுதிக்கொண்டாள். குத்தாலம் வரும் வரை திருமுருகன் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டே வந்தார். தையல்நாயகியிடம் என்ன சொல்வது என்று யோசித்தார். அவள் அந்த வாரம் நாற்றுப் பறிக்கப் போயிருந்தாள் என்பது அவருக்கு ஆறுதலாக இருந்தது. அப்படி ஆறுதல்படுவதும் கேவலமாக இருந்தது.

ஆய்வு அறிக்கையைத் தஞ்சாவூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் வெளியிட்டார்கள். 'பயனர் சிரித்த இடங்கள்' என்று அதற்குப் பெயர். ஆலை முதலாளிகள் வந்திருந்தார்கள். திருமுருகன் மகள் அபிநயாவையும் அழைத்துப் போயிருந்தார். கும்பகோணத்தில் கல்லூரியில் படிக்கிற பெண். விளக்கை அணைத்தார்கள். மண்டபத் திரை முழுக்கத் திருமுருகனின் பல் தெரிந்தது.

மதிவாணன் மைக்கைப் பிடித்தார். "பெரியோர்களே! இந்தச் சிரிப்பைப் பாருங்கள். எங்கள் மென்பொருளில் எத்தனையோ பக்கங்கள் உண்டு. எதிலும் சிரிக்காத இந்த எளிய மனிதர் ஒரே ஒரு பக்கத்தில் மட்டும் சிரிக்கிறார். எது அந்தப் பக்கம்? வெளியேற்றும் பக்கம்! உள்ளே இருக்கும்போது எங்கள் மென்பொருள் தரமுடியாத மகிழ்ச்சியை, வெளியே போகும்போது தருகிறது. இதை நாங்கள் அடக்கத்தோடு ஏற்றுக்கொள்கிறோம். இனி அவரை அடிக்கடி வெளியேற்றுவோம் என்று இந்த மேடையில் உறுதி கூறுகிறேன்!"

கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று சொன்னவன்கூட இவ்வளவு கம்பீரமாகச் சொல்லியிருக்கமாட்டான்.

திருமுருகனை மேடைக்கு அழைத்து சால்வை போர்த்தினார்கள். "ஒரு தடவை சிரிங்க சார்," என்றார் போட்டோக்காரர். மண்டபம் முழுக்கத் தன்னையே பார்க்கிறது என்ற கூச்சத்தில் அவருக்குத் தானாகவே வந்தது. ஆலை முதலாளிகள் எழுந்து நின்றார்கள். அபிநயா மட்டும் தலையைக் குனிந்துகொண்டு செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போன் அணைந்திருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டாள். "ஏம்ப்பா, மேடையிலயாவது சொல்லிருக்கலாம்ல?"

"எப்படிம்மா? சால்வை போட்ட பிறகு?"

அவள் சால்வையை மடித்துப் பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்து மூடினாள்.

ஐப்பசி பிறக்கும் சமயத்தில் குதிரின் புதிய பதிப்பு வந்தது. 'குதிர் ஆனந்தம்' என்று பெயர். பழையது தொடாமல் விட்டால்தான் தள்ளும். புதியது உட்கார்ந்திருக்கும்போதே தள்ளியது. தள்ளும்போது நெற்கதிர் ஆடியது, நாதஸ்வரம் வாசித்தது. மவுஸை ஆட்டினால் பலிக்காது. மறுபடி உள்ளே போவதற்குக் கடவுச்சொல்லும் கிடையாது. பயனருக்கு அந்தப் பக்கத்தில் சிரிப்பு வருவது நிரூபிக்கப்பட்டுவிட்டதால், அதனுடன் வந்த கேமராவைப் பார்த்துச் சிரித்தால் குதிர் உள்ளே விடும்படி செய்திருந்தார்கள்.

அல்லா பிச்சை மவுஸ் வேலையிலிருந்து ஓய்வுபெற்றார்.

திருமுருகன் சிரித்துப் பார்த்தார். தனியாக அறையில் உட்கார்ந்து ஒரு கருவியைப் பார்த்துச் சிரிக்க அவருக்கு வரவில்லை. வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்துக் கேலி செய்தால், வெட்கத்தில் வந்தது. ஆகவே கேலி செய்வதற்கென்றே ஜன்னலோரம் ஒருவரை நிற்க வைத்து இரண்டு மூன்று நாள் வண்டியை ஓட்டினார்கள்.

தையல்நாயகியின் நெல் வந்த அன்று காலையிலிருந்தே கிழக்கே இருண்டிருந்தது. அவள் தலைக்குச் சும்மாடு கட்டியபடி தன் குவியலைச் சுற்றிச்சுற்றி வந்தாள். ஓரத்தில் சிதறிய நெல்லை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் குவியலில் போட்டாள். அவள் முறை வந்தது. திருமுருகன் அவள் பெயரை ஏற்றினார். ஓடிப்போய் நெல் அள்ளி ஓடிவந்தார். மிஷின் சொன்ன ஈரம் அளவுக்குள்தான் இருந்தது. நல்ல நெல்.

திரையில் கதிர் ஆடிக்கொண்டிருந்தது. நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தது. 'சிரிக்கவும்.'

திருமுருகன் உதட்டை இழுத்தார். 'இன்னும் கொஞ்சம்.' பல்லைக் காட்டினார். 'கண்களும் சிரிக்க வேண்டும்.' ஜன்னலோரம் நின்றவர் கேலி செய்ய வாயெடுத்தார். தையல்நாயகியின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் நின்றார். முதல் தூறல் கொட்டகைத் தகரத்தில் விழுந்தது. மற்றவர்கள் அவரவர் குவியலுக்குத் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தையல்நாயகியிடம் தார்ப்பாய் கிடையாது. வரிசையிலிருந்து யாரோ கத்தினார், "சிரிங்கய்யா! அந்தம்மா நெல்லு நனையுது, சிரிங்கய்யா!"

உதவி எண்ணுக்குப் போன் போட்டார். 'சிரிக்க இயலாதவர்கள் ஒன்றை அழுத்தவும்' என்றது. அழுத்தினார். உங்கள் அழைப்பு எங்களுக்கு மகிழ்ச்சி தருகிறது என்றது.

தையல்நாயகி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, நனைஞ்சா முளைச்சுப்போயிடும் தம்பி. ஒரே ஒரு தடவ சிரிச்சிடுங்க. எனக்காகச் சிரிச்சிடுங்க."

அவர் அவளைப் பார்த்தார். அதற்கு மேல் தாங்கவில்லை. மேஜை மேல் கையூன்றிக்கொண்டு, ஐம்பது வயது தாண்டிய மனிதர், வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் பார்க்க அழுதார். 'ஆனந்தக் கண்ணீர்' கட்டத்தைப் புதிய பதிப்பில் எடுத்துவிட்டிருந்தார்கள்.

மழை வலுத்தது.

ஓர் ஆபீஸ் மனிதரை அழவைத்துவிட்டோமே என்று தையல்நாயகிக்கு என்னவோ போலாகிவிட்டது. கம்பியை விட்டாள். கதவு வழியாக உள்ளே வந்து, மேஜைக்குப் பக்கத்தில் கூனிக் குறுகி நின்றாள். "அழாதீங்க தம்பி. விடுங்க. அந்தப் பொட்டி அப்படி இருந்தா நீங்க என்ன பண்ணுவீங்க," என்று சொல்லி, ஊரே பார்க்கிற கூச்சத்தில், முந்தானையை வாயருகே வைத்துக்கொண்டு, லேசாகச் சிரித்தாள்.

கேமராவில் பச்சை விளக்கு எரிந்தது. குதிருக்கு யார் சிரிப்பு என்ற பேதம் இல்லை. 'வருக, திருமுருகன்!' என்று உள்ளே விட்டது. ஏற்றிய விவரம் ஒன்றும் அதில் இல்லை. வெளியே அவள் குவியலின் அடியிலிருந்து தண்ணீர் வாய்க்கால் பிரிந்து ஓடிக்கொண்டிருந்தது. இனி மிஷினில் போட்டுப் பார்ப்பதற்கு அவசியமே இல்லை.

மேஜை மேல் போன் அடித்தது. தஞ்சாவூரிலிருந்து மதிவாணன். குரலில் உற்சாகம் தாங்கவில்லை.

"திருமுருகன்! இப்ப உங்க களத்துலேர்ந்து ஒரு சிரிப்பு வந்துச்சு பாருங்க! டெல்டா முழுக்க இந்த சீசன்ல இப்படி ஒண்ணு பதிவாகல. இங்க எல்லாரும் எழுந்து நின்னு பாத்துக்கிட்டிருக்கோம். யாருங்க அந்த அம்மா?"

"அது சிரிப்பு இல்லீங்க சார்," என்றார் திருமுருகன். "வெக்கம்."

எதிர்முனையில் கொஞ்ச நேரம் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது.

"வெக்கமா? அப்படி ஒரு கட்டம் நம்மகிட்ட கிடையாதுங்களே. மகிழ்ச்சி, கோபம், குழப்பம், நடுநிலை, இவ்வளவுதான். நடுநிலைன்னு போட்டுக்கட்டுமா?"

பெரிய மனிதர் பேசிக்கொண்டிருக்கும்போது போனை வைத்து அவருக்குப் பழக்கமில்லை. வைத்தார். செருப்பைக்கூட மாட்டாமல் மழையில் இறங்கினார். தையல்நாயகி அதற்குள் களத்துக்குப் போய், அடித்துக்கொண்டு போகிற நெல்லைக் காலால் அணைகட்டித் தடுத்து, இரு கையாலும் அள்ளிக்கொண்டிருந்தாள். அவர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அள்ளினார்.

"நீங்க ஏன் தம்பி நனையிறீங்க? உள்ள போங்க."

"நான் சொல்லலம்மா," என்றார். தலையை நிமிர்த்த முடியவில்லை. "உங்ககிட்ட சொல்லிடறேன்னு சொன்னேன்ல. சொல்லல. தஞ்சாவூர்ல அந்தப் பொண்ணு கஷ்டமா இருக்கான்னு வாயத் தொறந்து கேட்டுச்சு. நல்லா இருக்குன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

தையல்நாயகியின் கை நின்றது. கோபப்படுவாள், திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டியிருந்தால் தேவலை.

"கேட்டாங்களா?" என்றாள். அவள் குரலில் ஆச்சரியம்தான் இருந்தது. "அவங்கள்லாம் கேக்கவே மாட்டாங்கன்னுல்ல தம்பி நான் இத்தினி நாளா நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

பிறகு குனிந்து மறுபடியும் நெல்லை அள்ளத் தொடங்கினாள்.